ஏழாம் தளத்தில் பனி

மூன்று நிமிடம் என்றார்கள்.
மேசைமேல் குட்டி விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு.
பேசுவதற்கும் இந்த ஊரில்
சாலை விதிதான்.

என் பெயர் வெர்னா கொஸ்கெலா.
மில் தெரு ஏழு மாடி வாகன நிறுத்தத்தில்
பதினோரு வருடமாக இரவுக் காவல்.
எத்தனை கார் வந்தது, எத்தனை போனது,
எத்தனை இடம் சும்மா கிடந்தது,
எண்ணுவதுதான் பிழைப்பு.
இதோ பதினோரு நோட்டு.
நான்காவதில் காப்பிக் கறை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாக்கி இறுதியாட்டத்தன்று
ஊரே திரண்டு வந்த இரவில்
ஐந்தாம் தளம்வரை நிரம்பியது.
அதுதான் உச்சம்.
ஆறில் நாற்பது இடம் காலி.
ஏழுக்கு யாரும் ஏறியதே இல்லை.
நவம்பரில் விழுந்த பனி
ஏப்ரலில் தானாகக் கரையும்வரை
கத்தரி படாத துணிபோல் கிடக்கும்.
ஒருமுறை நரி ஒன்று வந்துபோயிருந்தது.
நேர்க்கோட்டில் நடந்து
மூலையில் நின்று சுப்பீரியர் ஏரியைப் பார்த்துவிட்டு
வந்த தடத்திலேயே திரும்பியிருந்தது.
கட்டணம் வசூலிக்கவில்லை.
ஏழாவது நோட்டில் இருக்கிறது.

இப்போது இன்னும்
இருநூற்றுப் பன்னிரண்டு இடம் வேண்டுமாம்.
அதற்குச் சலவைக்கடையும் சதுரங்க மன்றமும்
மேல்மாடியில் குடியிருக்கும் ஒன்பது பேரும்
வழிவிட வேண்டுமாம்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள்.
இந்த யானைக்குப் பசியே இல்லை, ஐயா.
கொட்டாவி விடுகிறது.

இடம் கிடைக்கவில்லை என்கிறீர்கள்.
கடை வாசலில் கிடைக்கவில்லை.
இரண்டு தெரு தள்ளிக் கிடைக்கிறது.
நடந்து பார்த்தேன், முந்நூற்றுப் பத்து எட்டு.
நடக்க இயலாதவர்களுக்கு வாசலை விடுங்கள்;
அவர்களுடைய நீலக் கட்டங்களில்
ஓடியாடுகிறவர்கள் நிறுத்திய நாட்களும்
தேதியோடு வைத்திருக்கிறேன்.

மஞ்சள்.

மருத்துவமனைச் சமையலறை ஜோஸ்லின்
இரவு பத்துக்கு ஏப்ரனைக் கழற்றுகிறாள்.
கடைசிப் பேருந்து ஒன்பதே முக்காலுக்கு.
அந்தக் கால் மணி நேரத்தை
ஐந்து கிலோமீட்டர் நடந்து தீர்க்கிறாள்,
மைனஸ் இருபதில், சாலை நடுவில்.
சாலையை நீங்கள் விடியுமுன் வழித்துவிடுகிறீர்கள்.
வழித்த பனியை எங்கே தள்ளுகிறீர்கள்?
நடைபாதையில்.

சைக்கிளைப் பூட்ட ஒரு கம்பி கேட்டோம்.
ஆறு வருடம் கழித்து வந்தது.
குப்பைத்தொட்டிக்குப் பின்னால் நட்டீர்கள்.
யாரும் பயன்படுத்துவதில்லை என்று
இன்று உங்கள் அறிக்கை வருத்தப்படுகிறது.

சிவப்பு.

மைக்கை அணைத்தார்கள்.
பரவாயில்லை,
கார் அலாரங்களுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

அப்போதுதான் உறுப்பினர் ஃப்ரடேசி
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் கேட்டார்:
"இன்று இங்கே எதில் வந்தீர்கள், அம்மா?"

அரங்கு சிரித்தது.
எனக்கும் காது சுட்டது.

காரில்தான், என்றேன்.
கூட்டம் எட்டரைக்கு என்று போட்டீர்கள்.
முடியப் பதினொன்று ஆகும்.
அதற்குப் பிறகு என்னை வீட்டில் விட
உங்களிடம் எந்தப் பேருந்தும் இல்லை.
எங்கே நிறுத்தினேன் என்றும் கேளுங்கள்.

கேட்கவில்லை.

முடிவை மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள்.
வெளியே, நிறுத்தத்தில், மூன்று பேர்
கைபேசி வெளிச்சத்தில்
போய்விட்ட பேருந்தின் நேரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.
வாருங்கள் என்றேன்.

லிஃப்ட் ஆறோடு நின்றுவிடும். மிச்சம் படி.
கதவைத் தள்ளினேன்.
அவ்வளவு வெள்ளையில் ஒரே ஒரு கார்,
அது வந்த இரண்டு கோடு,
இறங்கிப்போன என் பூட்ஸ்.
"முழு மாடியும் உங்களுக்கா?"
என்றான் சதுரங்க மன்றத்துப் பையன்,
பலகையை மார்போடு அணைத்தபடி.

எஞ்சின் சூடேறும்வரை
பன்னிரண்டாவது நோட்டைப் பிரித்தேன்.
ஏழாம் தளம்.
கார், ஒன்று.
ஆள், நான்கு.